ஜெட்டிப் பக்கமாக வந்த இன்ஸ்பெக்டர்

போன வாரம் ராஜு வந்திருந்தார். நான் ஓய்வு பெற்ற படகுப் பரிசோதனை அலுவலகத்தில் இன்னும் வேலையில் இருப்பவர். ஜோகூர் பாருவில் எந்த நாற்காலி எந்தப் பக்கம் திரும்பினாலும் என்னிடம் வந்து சொன்னால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இந்த முறை அவர் கொண்டுவந்த செய்தி இதுதான்: சர்க்கார் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறையையும், அந்தப் படகுகள் ஓடத் தகுதியானவையா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலையையும் ஒரே அதிகாரியிடம் கொடுக்கப் போகிறார்களாம்.

"சிக்கனம் லா, அண்ணே. ரெண்டு வேலைக்கு எதுக்கு ரெண்டு ஆளு?" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மற்றவர்களுக்குப் பயம் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம். எனக்கு எப்போதும் வயிறுதான். வேலை பார்த்த காலம் முழுக்க அந்த வயிற்றோடுதான் குடும்பம் நடத்தினேன். காப்பி கொண்டுவந்த என் மனைவி செல்லம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

"ஏண்ணே முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்று ராஜு கேட்டார். பதில் சொல்லத் தொடங்கினால் அவர் கடைசி பஸ்ஸைத் தவறவிடுவார் என்று அனுப்பிவைத்தேன். அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. நாகப்பட்டினத்தில் சித்தப்பாவோடு தோணிகளுக்குக் கலப்பத்து அடித்தேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் தாரில் ஊறிய நாரை வைத்து உளியால் இறுக்கும் வேலை அது. பிறகு கப்பலேறி சிங்கப்பூர், அங்கே ஒரு கப்பல் பட்டறையில் வாங்கிய திட்டுகளைச் சாப்பாடாகப் போட்டிருந்தால் நான் மல்யுத்தக்காரன் ஆகியிருப்பேன். அங்கிருந்து நீரிணையைத் தாண்டி ஜோகூர் பக்கம், தெப்ராவ் ஆறு கடலில் விழும் இடத்தில் இருந்த ஒரு சிறிய படகுப் பட்டறைக்கு வந்தேன். சில வருடங்களில் மண்டோர் ஆனேன். மண்டோர் என்றால் கூலிகளை மேய்ப்பவன். மேலே இருப்பவர்களின் கோபத்தைக் கீழே இறக்குமதி செய்பவன் என்றும் சொல்லலாம்.

பட்டறையின் முதலாளி ஒரு வெள்ளைக்காரர். ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடிய படகுகள்தான் அவருக்குப் படியளந்தன. கடற்பாலம் வந்தது, ரயிலும் லாரியும் தண்ணீரின் மேலேயே ஓடின. படகுகள் குறைந்தன. முதலாளி கொஞ்ச காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் பட்டறையைச் சர்க்கார் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். சர்க்காருக்குத் தன் போலீஸ் படகு, சுங்கப் படகு, ஆற்றுப் படகு எல்லாவற்றையும் பழுதுபார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

நாங்கள் சந்தோஷப்பட்டோம். சர்க்கார் வேலை என்றால் கல்லில் எழுதியது மாதிரி என்று நினைத்தோம். வேலை நேரத்துக்கு மணி வந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை வந்தது. பிறகு அனுமதியும் வந்தது. ஓர் ஆணிக்கு அனுமதி, ஒரு டின் தாருக்கு அனுமதி. நாங்கள் கேட்ட பலகை வந்து சேரும்போது அந்தப் படகு ஆற்றில் ஓடிக்கொண்டிருக்கும். வந்த பலகை வேறு அளவில் இருக்கும். அதைத் திருப்பி அனுப்பவும் அனுமதி வேண்டும். சீனத் தச்சர்கள் அதை வெட்டி உட்காரும் பெஞ்சு செய்துகொண்டார்கள். பட்டறையில் வேலை குறையக் குறைய உட்கார இடம் பெருகியது.

அந்தச் சமயத்தில் ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களைக் கும்பல் கும்பலாகக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சர்க்காரும் கையைச் சுருக்கியது. பட்டறைக்குச் சர்க்கார் வைத்திருந்த துரை சீமைக்குப் போனார். அவர் இடத்துக்கு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தற்காலிக மேனேஜராக வந்தார். நல்லதம்பி என்று பெயர். அவர் ஏற்கனவே படகுப் பரிசோதனை இன்ஸ்பெக்டராக இருந்தவர். அந்த வேலையிலிருந்து எடுக்காமலே இதையும் கொடுத்துவிட்டார்கள். ஆக, படகின் சொந்தக்காரர் சர்க்கார், பழுது பார்ப்பது சர்க்கார், சரியாகப் பழுது பார்த்தோமா என்று சோதிப்பதும் சர்க்கார். அந்தக் கடைசி இரண்டு சர்க்காரும் ஒரே மூக்குக்கண்ணாடி போட்டிருந்தன.

நல்லதம்பி ஐயா ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் நெருங்கிப் போய்க் காது கொடுக்க வேண்டும், அதுவே தண்டனை. வந்த கொஞ்ச நாளில், பழுது முடிந்த ஒரு சுங்கப் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்து "விடலாம்" என்று சொல்ல வேண்டும். நான் ஆபீஸ் அறைக்குப் போய், "ஐயா, வந்து பாத்துடுறீங்களா?" என்று கேட்டேன்.

"நான் இப்ப மேனேஜர்," என்றார். "இன்ஸ்பெக்டர் வருவார். ஜெட்டியில நில்லும்."

மேசை மேல் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு நிலத்துப் பக்கத்து வாசல் வழியாக வெளியே போனார். தண்ணீருக்குள் நீட்டிக் கட்டிய படகு மேடையைத்தான் ஜெட்டி என்போம். ஒன்றும் விளங்காமல் அங்கே போய் நின்றோம். கொஞ்ச நேரத்தில் பாக் மாட்டின் சம்பான் என்னும் சிறு துடுப்புப் படகு சதுப்பு மரங்களைச் சுற்றிக்கொண்டு வந்தது. பாக் மாட் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த படகுக்காரர். சம்பானில் தொப்பியோடு, கோட்டுப் பொத்தான் போட்டு, விறைப்பாக உட்கார்ந்திருந்தார் நல்லதம்பி ஐயா. ஜெட்டியில் ஏறினார். என்னை முன்பின் பார்க்காதவர் மாதிரி பார்த்தார்.

"உம்மட பேர் என்ன?"

"சின்னையாங்க."

"இஞ்ச என்ன வேலை?"

"மண்டோருங்க."

"மேனேஜர் எங்க?"

பின்னால் படகு வண்டியைக் கம்பியில் கட்டி இழுக்கும் வின்ச்சில் நின்ற மருதமுத்துவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது. மருதமுத்து செல்லம்மாவின் அண்ணன். எனக்கு மச்சான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்த பட்டறையில் சிரித்துக்கொண்டே வாழ்ந்தவன் அவன். பாக் மாட் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு, "அலமாக்," என்று மலாய்க்காரர்களின் ஐயையோவை மட்டும் சொன்னார்.

"மேனேஜர் வெளிய போயிருக்காரு ஐயா," என்றேன்.

"சரி. படகைக் காட்டும்."

ஒவ்வொரு படகுக்கும் இதேதான். மருதமுத்து இதற்குச் சாமி ஊர்வலம் என்று பெயர் வைத்தான். ஒரு தடவை தைரியம் வந்து, மேனேஜராக இருந்த நேரத்தில், ஏன் இப்படி என்று கேட்டுவிட்டேன். குரல் தாழ்ந்தது. "தன்ர பிள்ளையின்ர சோதனைப் பேப்பரைத் தானே திருத்துற வாத்தியாருக்கு என்ன செய்யலாம், சொல்லும்? வகுப்பை விட்டு வெளிய போய், பிள்ளையை மறந்துபோட்டு வரவேணும். எனக்கு மறக்க அவ்வளவு தூரம் தேவைப்படுது." அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. மருதமுத்து சிரிப்பதை நிறுத்தவும் இல்லை.

சோதனையில் அவர் எதையும் விடமாட்டார். படகு தண்டவாளச் சரிவில் இரும்பு வண்டியின் மேல் நிற்கும். முதலில் உள்ளே தண்ணீர் ஊற்றச் சொல்வார். கடலில் தண்ணீர் உள்ளே வரும் இடம், கரையில் உள்ளிருந்து வெளியே கசியும். அது கசியும் வரை படகைச் சுற்றி நடப்பார். பிறகு சின்ன மரச்சுத்தியால் பலகை பலகையாகத் தட்டுவார். நல்ல பலகை ஓங்கிச் சத்தம் கொடுக்கும், உளுத்தது முனகும். முனகிய இடத்தில் குத்தூசியை வைத்து அழுத்துவார். தொழில் அவருக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. எல்லாம் முடிந்து, ஜெட்டிப் பக்கம் நின்று "விடலாம்" என்பார். அந்தச் சொல் வராமல் மருதமுத்து வின்ச்சின் பிரேக்கைத் தொடமாட்டான்.

அப்போதுதான் ஆற்றுப் படகு வந்தது. தெப்ராவ் ஆற்றின் கரையில் இருந்த தோட்டத்து ஜனங்களையும் கம்பத்து ஜனங்களையும் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஏற்றிவரும் பெரிய மோட்டார் படகு அது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் பெண்கள் கீரைக்கட்டும் கோழிக்கூடையுமாக அதில்தான் வருவார்கள். மருதமுத்துவின் சம்சாரம் பாக்கியமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதில்தான் தன் அம்மா இருந்த தோட்டத்துக்குப் போய்வருவாள்.

அதே சமயத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. பட்டறையை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி வரப்போகிறது. ஆற்றுப் படகு பழுது முடிந்து, புது வர்ணத்தோடு ஜெட்டியில் மிதந்தால் பட்டறை பிழைக்கும். அது இன்னும் சரிவில் கிடந்தால் பட்டறைக்குப் பூட்டு. பூட்டு விழுந்தால் எங்களுக்கு வேறு எந்தப் பட்டறையும் இல்லை, தோட்டங்களே ஆட்களைத் துரத்திக்கொண்டிருந்த காலம். எல்லோருக்கும் கப்பல்தான். செல்லம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். நாகப்பட்டினத்தில் எங்களுக்கென்று ஒரு கூரை கிடையாது.

படகின் அடியைச் சுரண்டியபோது, அடிக்கட்டையை ஒட்டிய பலகைகளில் ஊசித் துவாரங்கள் தெரிந்தன. உப்புத் தண்ணீரில் இருக்கும் புழு. வெளியே ஓட்டை சின்னதாகத்தான் இருக்கும். உள்ளே பலகையைத் தேன்கூடு மாதிரி தின்றுவிட்டிருக்கும். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் செங்கல் என்னும் உறுதியான மலாய்க் காட்டு மரத்தின் பலகை கேட்டு எழுதினார். மேலிடம் இல்லை என்றது. மறுபடி எழுதினார். சிக்கனக் காலத்தில் புது மரம் கேட்பதா என்று பதில் வந்தது. மூன்றாவது முறை அவரே நேரில் போனார். திரும்பி வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தாரில நனைச்ச கம்பளியை வைச்சு, மேல ஈயத்தகடு அடியுங்கோ," என்றார். "கமிட்டி போனாப் பிறகு பலகை மாத்தலாம்."

அடித்தோம். தகட்டின் மேல் வர்ணம் பூசினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "இன்னும் ஒரு வருசம் தாங்கும் மாப்ள. நீ சும்மா வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்காத," என்றான் மருதமுத்து. கமிட்டி போன பிறகு பலகை கிடைக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்ப விரும்பினோம். கேட்டு வாங்கிய அனுபவம் இருந்தும் நம்ப விரும்பினோம்.

இறக்கும் நாள் வந்தது. பெரிய வண்டியை இறக்கப் பௌர்ணமியை ஒட்டிய உயர்ந்த நீர் வேண்டும். அந்த நீரைத் தவறவிட்டால் அடுத்ததற்குள் கமிட்டி வந்து போய்விடும். காலையிலேயே நீர் ஏறத் தொடங்கியது. மருதமுத்து வின்ச்சில் நின்றான். நாங்கள் வழக்கம்போல ஜெட்டியில் வரிசையாக நின்றோம்.

நல்லதம்பி ஐயா நிலத்து வாசல் வழியாக வந்தார். ஆபீசுக்குள் போனார். வெளியே வரவில்லை. சன்னல் வழியாகத் தெரிந்தது: சோதனைத் தாளை மேசையில் விரித்து, மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைக் கையில் வைத்திருந்தார். தொப்பி ஆணியில் தொங்கியது.

"இன்னைக்கு ஊர்வலம் இல்ல போலருக்கு," என்றான் மருதமுத்து. சிரித்தான். பிறகு, "நல்லதுதான் மாப்ள. பேசாம இரு," என்று மெதுவாகச் சொன்னான்.

நீர் சரிவின் கடைசிக் கட்டையைத் தொட்டது. பாக் மாட் தன் கம்பத்து ஜெட்டியில் சம்பானைக் கட்டிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது தூரத்தில் தெரிந்தது. நான் பெரிய தியாகி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எனக்குத் தோன்றியது இதுதான்: ஜெட்டியிலிருந்து "விடலாம்" என்ற சொல் வராமல் படகை இறக்கியவன் மண்டோர், படகு கவிழ்ந்தால் முதலில் தேடப்படுபவனும் மண்டோர். அதன் பிறகுதான் பாக்கியமும் பிள்ளைகளும் அந்தப் படகின் ஓரப் பலகையில் உட்கார்ந்திருக்கும் காட்சி வந்தது. வந்த பிறகு அது போகவில்லை.

ஆபீஸ் வாசலுக்குப் போனேன்.

"ஐயா, இன்ஸ்பெக்டர் இன்னும் வரலீங்க."

அவர் நிமிரவில்லை. "என்ன சொல்லுறீர்?"

"ஜெட்டியில காத்துக்கிட்டு இருக்கோம். தண்ணி ஏறிருச்சு. இன்ஸ்பெக்டர் வந்து சொல்லாம எப்படி ஐயா விடுறது?"

அவர் என்னைப் பார்த்தார். அத்தனை நேரம் ஒரு மனிதர் என்னைப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குரல் மிகவும் தாழ்ந்து வந்தது. "சின்னையா, இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியுங்க."

"உம்மட மனுசி பிள்ளைத்தாச்சி எல்லோ?"

"ஆமாங்க."

பேனாவை மூடினார். எழுந்து ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தார். என்னைக் கடந்து, நிலத்து வாசல் வழியாக, சேற்றுப் பாதையில் நடந்து போனார். மருதமுத்து வின்ச்சைப் பிடித்தபடி என்னையே பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

சம்பான் வந்தது. அவர் ஜெட்டியில் ஏறினார். பொத்தான் எல்லாம் போட்டிருந்தார்.

"உம்மட பேர் என்ன?"

"சின்னையாங்க."

"மேனேஜர் எங்க?"

"வெளிய போயிருக்காரு ஐயா."

"நல்லது. அவர் இல்லாததும் நல்லதுதான். அந்தத் தகட்டைக் கழட்டும்."

கழற்றினோம். குத்தூசியை வைத்தார். அழுத்தவே இல்லை, வைத்தார். அது பிடி வரைக்கும் உள்ளே போனது. ஊசியை அங்கேயே விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்தத் தகட்டை அடிக்கச் சொன்னது ஆர்?"

"மேனேஜர்தாங்க."

"அவருக்கு எதிரா எழுதுறன்," என்றார். "படகு விடேலாது."

நீர் ஏறி நின்றது. பிறகு இறங்கியது.

கமிட்டி வந்தபோது ஆற்றுப் படகு சரிவில் பலகை பெயர்ந்து கிடந்தது. குடை பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்கள். சீனத் தச்சர்களின் பெஞ்சில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். பட்டறையை மூட உத்தரவு வந்தது. நல்லதம்பி ஐயாவின் மேனேஜர் பதவியும் போனது. இன்ஸ்பெக்டர் பதவி மட்டும் மிஞ்சியது.

எங்கள் கடைசி வேலை அந்தப் படகையே உடைப்பது. மருதமுத்து கடப்பாறையை எடுத்தான், அது தேவைப்படவில்லை. அடிப்பலகையைக் கையால் பிடித்து இழுத்தான். ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வழக்கமாகப் பாக்கியம் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே இருந்த பலகை அது. அவனுக்குத் தெரியும்.

"பாத்தேன் மாப்ள," என்றான். பலகையைக் கீழே போட்டான். "நீ செஞ்சது தப்புன்னு சொல்லல. ஆனா என் புள்ளைங்க கப்பலேறணுமே."

அதைவிட மோசமானது அடுத்து வந்தது. இன்ஸ்பெக்டருக்கு உதவியாள் ஒருவன் வேண்டும் என்று நல்லதம்பி ஐயா என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு மட்டும் வேலை. பட்டறையில் நின்ற தமிழர்களில் எனக்கு மட்டும். சின்னையா அன்றைக்கு உள்ளே போய்ப் பேசியது இதற்குத்தான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சை மருதமுத்து பேசவில்லை. சிங்கப்பூர் துறைமுகத்தில் வழியனுப்பப் போனபோது, ஒரு பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"உனக்கு வேலை இருக்குன்னு முன்னாடியே தெரியுமா மாப்ள?"

"தெரியாது மச்சான். சத்தியமா தெரியாது."

"சரி," என்றான். நம்பினானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்குப் போன சில வருடங்களில் காய்ச்சலில் போய்விட்டான்.

புது வேலையில் முதல் நாள் நல்லதம்பி ஐயாவிடம் கேட்டேன், இந்த முடிவில் அவருக்கு வருத்தம் உண்டா என்று. "மேனேஜருக்கு உண்டு," என்றார். "அவன்ர பட்டறையை அல்லோ நான் மூடினனான்." அவர் ஓய்வு பெறும் வரை அவரோடு இருந்தேன். அதற்குப் பிறகும் பல வருடங்கள் நானே படகுகளைத் தட்டினேன். பழுதுபார்த்த பட்டறையில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. முடிந்த இடத்தில் எல்லாம் ஜெட்டிப் பக்கமாகத்தான் போவேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பழகிப்போன சிரிப்பு.

செல்லம்மா அண்ணன் போனதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. குழந்தை பிறந்தபோது பேசவில்லை. அண்ணன் செத்த செய்தி வந்தபோதும் சுவரைப் பார்த்து அழுதாள், என்னைப் பார்க்கவில்லை. இத்தனை வருடமும் ஒழுங்காகச் சோறு போட்டாள். என் வயிற்றுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அந்த நாளை மட்டும் தொடவே மாட்டாள். அவள் என்னை மன்னித்தாளா என்ற பயம் என் வயிற்றில் நிரந்தரமாகக் குடியிருந்தது. கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

ராஜு போன பிறகு அவள் வெளியே வந்தாள். வாசல் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் கையை வைத்தபடியே நின்றாள்.

"ரெண்டு வேலையும் ஒருத்தருகிட்டயா குடுக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப ஜெட்டிப் பக்கமா யாரு வருவா?"